வீங்கிய காலும் நீர் மாத்திரையும்

வயதான அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கால் வீங்கினால் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது நீர் மாத்திரை. மதுரைக்குத் தெற்கே வில்லாபுரம் ஹவுசிங் போர்டு வீடுகளிலும் இதே கதைதான், பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் துபாய்க்கும் போனபின் பெற்றோர் சேர்ந்திருக்கும் முதியோர் இல்லங்களிலும் இதே கதைதான். "கால்ல நீர் கோத்திருக்கு, ஒரு மாத்திரை போட்டா வடிஞ்சிடும்" என்று யாராவது சொல்வார்கள். மாத்திரை வரும், வீக்கம் கொஞ்சம் வடியும், பத்து நாளில் பழையபடி ஆகும். மாத்திரை மட்டும் நிரந்தரமாகிவிடும். 2021 கணிப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. ஆகவே இது ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல. மாதக்கணக்கில் இரண்டு காலிலும் இருந்துவரும் வீக்கத்துக்கு நீர் மாத்திரை பெரும்பாலும் முதல் மருந்தாக இருக்கக் கூடாது. அதற்கு முன் சோதிக்க வேண்டியவை மாத்திரை டப்பாவும் உட்காரும் நாற்காலியும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

விதிவிலக்குகளை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவற்றில் தாமதம் உயிருக்கு ஆபத்து. ஒரு கால் மட்டும் திடீரென்று வலியோடு வீங்கினால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகக்கூடும் என்பதால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீக்கத்தோடு மூச்சு வாங்கினால், படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார நேர்ந்தால், இதயத்தைப் பார்க்க வேண்டும். காலையில் முகமும் இமையும் உப்பியிருந்து சிறுநீர் நுரைத்துப் போனால் சிறுநீரகம். வயிறும் சேர்ந்து பெருத்தால் கல்லீரல். இவற்றை ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை, ஈசிஜி, தேவைப்பட்டால் எக்கோ ஆகியவற்றால் கண்டுபிடித்துவிடலாம். வைகைக்கு அந்தப் பக்கம் அரசு ராஜாஜி மருத்துவமனையில் செய்யமுடியாத சோதனை எதுவும் இதில் இல்லை. இதெல்லாம் பார்த்து "ஹார்ட்டு, கிட்னி நல்லாத்தான் இருக்கு" என்று சொன்ன பிறகும் சாயங்காலமானால் கணுக்கால் உப்பிக்கொள்ளும் பெரும்பான்மையினரைப் பற்றித்தான் இனிப் பேசப்போகிறோம்.

கால் ஏன் வீங்குகிறது? மயிர்போன்ற தந்துகிகளின் சுவர் வழியாக ரத்தத்திலிருந்து நீர் எப்போதும் திசுவுக்குள் கசிந்துகொண்டே இருக்கிறது. 1896-ல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியலாளர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். தந்துகியின் ஒரு முனையில் ரத்த அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது, ரத்தத்திலுள்ள புரதம் அதை மறுபடி உள்ளே இழுக்கிறது என்றார். வெளியேறியதில் பெரும்பகுதி தந்துகியின் மறுமுனையிலேயே திரும்பிவிடுகிறது என்பது இதிலிருந்து வளர்ந்த பாடநூல் கருத்து. நூறு வருஷத்துக்கு மேல் மருத்துவ மாணவர்கள் படித்தது அதைத்தான். 2010-ல் லெவிக், மிக்கேல் என்ற இருவரும் திரட்டிக்காட்டிய ஆய்வுகள் அந்தப் பாதிக் கதையைத் திருத்தின. பெரும்பாலான திசுக்களில் கசிந்த நீர் தந்துகிக்குத் திரும்புவதில்லை. அதைத் திரட்டி ரத்தத்தில் சேர்ப்பது நிணநாளங்கள்தான். இது ஏதோ ஆய்வுக்கூடச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. எந்தக் காரணத்தால் வந்த வீக்கமானாலும், கசிவது கூடிவிட்டது அல்லது நிணநாளத்தால் வாரிக்கொண்டுபோக முடியவில்லை என்றே அதற்குப் பொருள். நிணநாளத்துக்கு இதயம் போல் ஒரு பெரிய பம்பு கிடையாது. அதன் சுவரிலுள்ள மெல்லிய தசையும், நாம் அசையும்போது அருகிலுள்ள சதை கொடுக்கும் அழுத்தமும்தான் அதற்கு இயக்கம். அசையாத காலில் நிணநீர் ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

சிரைகளுக்கும் இதே கதிதான். ஆடாமல் நிற்கும் மனிதரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் பாதரச அளவில் சுமார் 90 மில்லிமீட்டர். இதயத்திலிருந்து கணுக்கால் வரை நிற்கும் ரத்தத் தூணின் எடை அது. அவரே நடக்கத் தொடங்கினால் சில எட்டுகளில் அது 30-க்குக் கீழே இறங்கிவிடும். காரணம் கெண்டைக்கால் சதை. ஒவ்வொரு எட்டிலும் அது சுருங்கி ரத்தத்தை மேலே பிழிந்து தள்ளுகிறது, சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அது கீழே இறங்காமல் தடுக்கின்றன. வயதாக ஆகச் சதை மெலிகிறது, கணுக்கால் மூட்டு விறைக்கிறது, வால்வுகள் ஒழுகுகின்றன. இதோடு நாற்காலியும் சேர்ந்துகொள்கிறது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எழுந்து, வாசல் தெளித்து, தண்ணீர்க் குடம் தூக்கிக் கழிந்த ஒரு வாழ்க்கை, முதியோர் இல்லத்துக்கு வந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு, காலைக் காப்பியிலிருந்து இரவு சீரியல் வரை உட்கார்ந்திருப்பதாக மாறிவிடுகிறது. முழங்கால் வலியால் படுக்க முடியாமல் இரவிலும் நாற்காலியிலேயே தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காலுக்கு இருபத்துநான்கு மணி நேரமும் சாயங்காலம்தான். அக்னி நட்சத்திர நாட்களில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து வீக்கம் இன்னும் கூடும்.

அடுத்தது மாத்திரை டப்பா. தமிழ்நாட்டில் ரத்தக் கொதிப்புக்கு மிகப் பரவலாகக் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்று அம்லோடிபின். விலை மலிவு, நன்றாக வேலை செய்யும், பக்கவாதத்தைத் தடுக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் கொதிப்பு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது பொதுச் சுகாதாரத்தில் ஒரு நல்ல காரியம். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் இந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. தந்துகிக்கு முன்னால் உள்ள நுண்தமனிகளை அது தளர்த்துகிறது. பின்னால் உள்ள சிரைப் பக்கத்தை அந்த அளவுக்குத் தளர்த்துவதில்லை. இடையில் மாட்டிக்கொண்ட தந்துகியில் அழுத்தம் ஏறி நீர் கசிகிறது. மருந்தின் அனுமதிக் குறிப்பேட்டிலேயே உள்ள கணக்கு: மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 0.6 சதவீதம் பேருக்கு வீக்கம் வந்தது. தினம் 5 மில்லிகிராம் எடுத்தவர்களில் 3 சதவீதம். 10 மில்லிகிராம் எடுத்தவர்களில் 10.8 சதவீதம். பெண்களுக்கு ஆண்களைவிட மிக அதிகம். இங்கே உடம்பில் நீர் கூடவில்லை, இடம் மாறித் தேங்கியிருக்கிறது, அவ்வளவுதான். உடம்பிலிருந்து நீரை வெளியேற்றும் மாத்திரை இதைச் சரிசெய்யாததில் வியப்பு இல்லை. ஆனாலும் அதுதான் எழுதப்படுகிறது. கனடாவின் ஒன்டாரியோவில் முதியவர்களின் மருந்துச் சீட்டுகளை ஆராய்ந்து 2020-ல் வெளியான ஆய்வு, இந்த வகைக் கொதிப்பு மருந்தைப் புதிதாகத் தொடங்கிய 41,086 பேரைப் பார்த்தது. 90 நாளுக்குள் அவர்களில் 1.4 சதவீதம் பேருக்கு நீர் மாத்திரை எழுதப்பட்டிருந்தது. வேறு வகைக் கொதிப்பு மருந்து தொடங்கியவர்களில் அது 0.7 சதவீதம். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு மருந்து கொடுத்தார்கள் என்பதுதான் அந்த இரட்டிப்பின் அர்த்தம்.

டப்பாவில் அம்லோடிபின் மட்டும் இருக்காது. சர்க்கரைக்கான பயோகிளிட்டசோன் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். 2013 ஜூனில் இந்திய அரசு இதன் விற்பனையை நிறுத்தி, அடுத்த மாதமே எச்சரிக்கையோடு மறுபடி அனுமதித்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது. கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் பிரிகாபலின், கபாபென்டின் இரண்டுமே வீக்கம் தருபவை. முழங்கால் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகையறா சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்கும். கொதிப்பு, சர்க்கரை, மூட்டுவலி மூன்றும் உள்ள ஒருவர் காலை வீங்கவைக்கும் மருந்துகள் மூன்று நான்கை ஒரே நேரத்தில் விழுங்கிக்கொண்டிருக்கலாம், ஒவ்வொன்றும் வெவ்வேறு மருத்துவர் எழுதியதாக. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. வீக்கம் அசௌகரியம்தான், பக்கவாதம் அப்படிப்பட்டது அல்ல. செய்ய வேண்டியது, வீக்கம் தொடங்கிய மாதத்தையும் ஒவ்வொரு மாத்திரை தொடங்கிய மாதத்தையும் ஒரே தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுவது. அவர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், அல்லது டெல்மிசார்ட்டன் போன்ற ஒன்றைச் சேர்க்கலாம். இந்தக் குடும்பத்து மருந்துகள் சிரைப் பக்கத்தையும் தளர்த்துவதால் வீக்கம் குறைகிறது. 25 ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான கணக்கு, அப்படிச் சேர்த்தவர்களுக்கு வீக்கம் 38 சதவீதம் குறைவாக இருந்தது என்கிறது.

"இருந்தாலும் நீர் மாத்திரை போட்டால் வடிகிறதே" என்ற எதிர்வாதம் நியாயமானது. கண்ணால் கண்டதைச் சொல்கிறார்கள். வடியத்தான் செய்யும். ரத்தத்தில் உள்ள நீர் குறைந்தால் கசிவும் கொஞ்ச நாள் குறையும். ஆனால் ஒழுகும் வால்வும் மெலிந்த சதையும் அப்படியேதான் இருக்கின்றன, அதனால் வீக்கம் திரும்புகிறது. திரும்பியதும் அளவு கூட்டப்படுகிறது. விலை எங்கே கொடுக்கப்படுகிறது என்றால், சோடியமும் பொட்டாசியமும் இறங்கிக் குழப்பம், தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு. யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீக்கம். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி விழுதல். கழிப்பறை வராந்தாக் கோடியில் இருக்கும் இல்லத்தில், இருட்டில் இரண்டு மூன்று தடவை அவசரமாக எழுந்து போகிற எழுபத்தெட்டு வயதுப் பெண்மணிக்கு வீங்கிய கணுக்காலைவிட இடுப்பு எலும்பு முறிவது எவ்வளவு பெரிய துன்பம் என்பதை விளக்க வேண்டியதில்லை. அடிக்கடி போக வேண்டியிருக்கிறதே என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. கால் வீங்கினால் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்ற நம்பிக்கையும் அதற்குத் துணை செய்கிறது. இதயமோ சிறுநீரகமோ பழுதானவர்களுக்கு மருத்துவர் அளந்து சொன்னால் அது சரி. சிரை வீக்கத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. குறைக்க வேண்டியது உப்பு. மதிய உணவோடு வரும் அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு இவற்றிலேயே உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சொல்லும் 5 கிராமின் பெரும்பகுதி போய்விடும்.

நீர்முள்ளிக் கஷாயம், மூக்கிரட்டைக் கீரை, வாழைத்தண்டுச் சாறு, பார்லிக் கஞ்சி பற்றியும் சொல்ல வேண்டும். இவை ரசாயனம் இல்லை, கெடுதல் செய்யாது என்பது இன்னொரு எதிர்வாதம். இவை சிறுநீரைப் பெருக்குவதாகச் சித்த மருத்துவம் சொல்கிறது. அப்படிப் பெருக்கினால் நீர் மாத்திரையின் வரம்புதான் இவற்றுக்கும். பெருக்காவிட்டால் பேச்சே இல்லை. ஒரு தட்டு கீரையிலோ தண்டுப் பொரியலிலோ யாருக்கும் சண்டை இல்லை. தினம் ஒரு டம்ளர் சாறு என்று போகும்போது மட்டும், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியம் ஏறும் அபாயத்தை நினைக்க வேண்டும். வெந்நீர் ஒத்தடம் அதைவிட ஆபத்து. சர்க்கரையால் உணர்ச்சி மரத்த காலில் கொப்புளம் வந்த பிறகுதான் சூடு அதிகம் என்று தெரியவரும்.

அப்படியானால் வேலை செய்வது எது? கால் இதயத்தின் மட்டத்துக்கு வர வேண்டும். முக்காலியில் காலை வைத்து உட்காருவது போதாது. படுத்துத் தலையணைகள்மேல் கெண்டைக்காலை வைக்க வேண்டும், மதியம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தினால் இரவு முழுவதும் அந்த வேலை தானாக நடக்கும். மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கும் தமனி அடைப்பு உள்ளவர்களுக்கும் இது ஆகாது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, இவை கெண்டைக்கால் பம்பை இயக்குபவை. 2004-ல் ஓர் அமெரிக்க ஆய்வில் சிரை நோயாளிகளுக்கு ஆறு மாதம் இப்படிப் பயிற்சி கொடுத்தபோது பம்பின் திறன் அளவிடக்கூடிய அளவுக்கு உயர்ந்தது. நோயாளிகள் தாம் சொன்ன வாழ்க்கைத் தரத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்பதையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை. பயிற்சி மட்டும் போதாது என்றுதான் இதைப் படிக்க வேண்டும். அதற்கு மேல் தேவைப்படுவது வெளியிலிருந்து அழுத்தம்.

இறுக்கக் காலுறைக்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் நாள்பட்ட கால் வீக்கமும் அடிக்கடி தோல் தொற்றும் உள்ள 84 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். அழுத்தச் சிகிச்சை பெற்ற 41 பேரில் 6 பேருக்கே தொற்று மறுபடி வந்தது. பெறாத 43 பேரில் 17 பேருக்கு வந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். 2020-ல் முடிவு வெளியானது. "மதுரை வெயிலில் இதை எப்படிப் போட்டுக்கொள்வது?" என்று கேட்பார்கள். சிரமம்தான். ஆனால் முழுத் தொடை வரை தேவையில்லை, முழங்காலுக்குக் கீழே போதும்; குறைந்த அழுத்தம் உள்ளதே நாள் முழுக்க உட்கார்ந்தும் நின்றும் வேலை செய்பவர்களின் மாலை வீக்கத்தைத் தடுத்திருக்கிறது. அலமாரியில் கிடக்கும் இறுக்கமான உறையைவிடக் காலில் இருக்கும் லேசான உறை மேல். காலையில் படுக்கையைவிட்டு இறங்கும் முன்பே மாட்ட வேண்டும், வீங்கிய பிறகு மாட்டினால் ஏறாது. மருந்துக் கடையில் வாங்கும் கிரேப் பேண்டேஜ் இரண்டு சலவையில் தளர்ந்துபோகும். மேலே இறுக்கியும் கீழே தளர்த்தியும் கட்டினால் வீக்கத்தைக் கூட்டும். ஒரே ஒரு முன்னெச்சரிக்கையைத் தவிர்க்கவே கூடாது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். முதியவர்களில் இன்னும் அதிகம். அவர்களில் பலருக்குக் கால் தமனி சுருங்கியிருக்கும். அந்தக் காலில் இறுக்க உறை போட்டால் விரல் அழுகலாம். ஆகவே பாதத்து நாடியைப் பார்த்து, கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிட்ட பிறகே உறை. சர்க்கரைக்காரர்களின் தமனி சுண்ணாம்பு படிந்து விறைத்திருந்தால் அந்த அளவும் பொய்யாக நல்லபடி காட்டும் என்பதை மருத்துவருக்கு நினைவூட்டினாலும் தப்பில்லை.

வீங்கிய காலைப் பராமரிக்கும் அறிவு நமக்கு வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. யானைக்கால் நோய் தமிழ்நாட்டின் கடலோர, டெல்டா மாவட்டங்களைத் தலைமுறைகளாக வாட்டியது. ஆண்டுக்கு ஒரு முறை ஊர் முழுக்க டி.இ.சி. மாத்திரை கொடுக்கும் முயற்சி 1996-ல் இங்கே தொடங்கியது, 2004-ல் தேசிய இயக்கமாக விரிந்தது. கொசுக்கள் பரப்பும் நோய்களை ஆராய மதுரை சின்னச்சொக்கிகுளத்தில் 1985 முதல் ஒரு மத்திய ஆய்வு மையம் இயங்கியது. ஆனால் நோய்க்குக் காரணமான புழு செத்த பிறகும் வீங்கிய கால் வீங்கியபடியே இருந்தது. தொடையிடுக்கில் நெறி கட்டி, குளிர்காய்ச்சல் வந்து, ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் கால் இன்னும் பெருத்தது. அந்தக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் புழு அல்ல, விரலிடுக்குப் புண் வழியாக நுழையும் பாக்டீரியா என்பதைப் பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஜெருசா டிரையரின் குழு எடுத்துக்காட்டியது. தினம் சோப்பால் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தி, சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு தடவினால் காய்ச்சல் குறைந்தது. கேரளத்தின் காசர்கோட்டில் எஸ்.ஆர். நரஹரியின் குழு இதோடு யோகா மூச்சுப்பயிற்சியையும் கட்டுப் போடுவதையும் சேர்த்துக் கிராமத்து நோயாளிகளே வீட்டில் செய்யும்படி வகுத்தது. யானைக்கால் இல்லாத, வெறும் வயோதிக வீக்கத்துக்கும் அப்படியே பொருந்தும் பாடம் இது. ஒவ்வொரு தொற்றும் சில நிணநாளங்களைக் கெடுத்துவிட்டுப் போகிறது. அடுத்த வீக்கம் அங்கிருந்து தொடங்குகிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. இரண்டு காலும் ஒரே நேரத்தில் சிவந்து அரித்தால், காய்ச்சல் இல்லாவிட்டால், அது தொற்றாக இருக்க வாய்ப்புக் குறைவு, தேங்கிய ரத்தத்தால் வரும் தோல் அழற்சியே அதிகம். 2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தோல் தொற்று என்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 259 பேரின் பதிவுகளைப் பார்த்தபோது 79 பேருக்கு அது தொற்றே இல்லை. தேவையில்லாத ஆன்டிபயாடிக் ஊசிக்கு நம் ஊரிலும் பஞ்சமில்லை.

இல்லம் நடத்துகிறவர்கள் சொல்லும் ஆட்சேபம் வேறு வகை: ஆள் இல்லை. ஒவ்வொருவருக்கும் காலையில் உறை மாட்ட, மதியம் படுக்கவைக்க, விரலிடுக்குத் துடைக்க யார் இருக்கிறார்கள்? மாத்திரை என்றால் ஒரு நிமிஷம். இந்தக் கணக்கை அவர்கள் பாதியில் நிறுத்துகிறார்கள். கணுக்காலில் சிரைப்புண் வந்துவிட்டால் வாரத்துக்குப் பல கட்டு, மாதக்கணக்கில். நீர் மாத்திரையால் படுக்கை நனைந்தால் தினம் விரிப்பு மாற்றம். விழுந்தால் மருத்துவமனையில் கூட இருக்க ஒரு ஆள். அந்த நேரத்தையும் கூட்டினால் காலுறைக்கு ஆகும் ஐந்து நிமிஷம் மலிவு. தொலைவில் இருக்கும் மகனோ மகளோ இல்லத்தைக் கேட்க வேண்டிய கேள்விகளும் "கால் எப்படி இருக்கு?" என்பதல்ல; அதற்கு "பரவாயில்லை" என்ற பதில்தான் வரும். அம்மா மதியம் எங்கே இருக்கிறார், கட்டிலிலா நாற்காலியிலா? குளித்தபின் விரலிடுக்கைத் துடைப்பது யார்? இந்த மாதம் புதிதாக என்ன மாத்திரை சேர்ந்தது? இவற்றோடு ஒரு தையல் டேப்பும் ஒரு எடைக் கருவியும் போதும். கணுக்கால் மொழிக்கு மேல் ஒரே இடத்தில், காலையிலும் மாலையிலும் இரண்டு காலையும் அளந்து எழுதச் சொல்ல வேண்டும். காலையில் வடிந்து மாலையில் கூடினால் பெரும்பாலும் புவியீர்ப்பும் நாற்காலியும். காலையிலும் வடியவில்லை, அழுத்தினால் பள்ளம் விழாமல் தோல் கெட்டித்துவிட்டது என்றால் நிணநாளங்கள் தோற்றுக்கொண்டிருக்கின்றன. டேப்பின் அளவு ஏறியும் எடை ஏறாமல் இருந்தால் சிக்கல் காலோடு நிற்கிறது. மூன்று நாளில் இரண்டு கிலோ கூடி, இரவில் தலையணையின் எண்ணிக்கையும் கூடினால் உடம்பு முழுவதும் நீர் தேங்குகிறது, இதயம் திணறுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கு நீர் மாத்திரைதான் சரியான மருந்து, மருத்துவரை அழைப்பதை மறுநாளுக்குத் தள்ளிப்போடக் கூடாது.